இன்றைய கார்டு

லண்டனில் நர்ஸ் வேலைக்கு விசா வாங்க, அமலி வரும் சனிக்கிழமை ஆங்கிலத் தேர்வு எழுத வேண்டும். பேச்சுத் தேர்வில், கார்டில் தரும் சூழலுக்கேற்ப, நோயாளியாக நடிப்பவரிடம் ஐந்து நிமிடம் ஆங்கிலத்தில் பேசிக் காட்ட வேண்டும். அதற்காக அவள் கணவன் தாவீது, ஒரகடம் கம்பெனியில் ஷிஃப்ட் முடிந்து வந்ததும் தினம் ஒரு கார்டு எழுதித் தருவான். நோயாளியாகவும் அவனே நடிப்பான்.

"இன்னிக்குக் கஷ்டமான கார்டு. நோயாளிக்குக் கேன்சர். பொண்டாட்டிகிட்ட மறைச்சிக்கினு கீறான். நீதான் பேசிச் சொல்ல வைக்கணும்."

"இன்னாங்க, அழுவாச்சி கார்டா கீது!" என்று சிரித்த அமலி, ஆங்கிலத்துக்கு மாறினாள்.

"ஏன் சார் மறைக்கிறீங்க?"

"தெரிஞ்சா அவ ஒடைஞ்சிடுவா, சிஸ்டர்."

"மறைச்சாதான் சார் ஒடைஞ்சிடுவாங்க. அவங்க கூட இருந்து பார்த்துக்கற உரிமையைப் பறிக்காதீங்க. இன்னிக்கே சொல்லுங்க. நிச்சயம் தாங்கிக்குவாங்க."

செல்போனில் ஐந்து நிமிட மணி அடித்தது.

"எத்தினி மார்க்கு?" என்று தமிழில் ஆவலாகக் கேட்டாள்.

தாவீது சாப்பாட்டுப் பையின் அடியிலிருந்து தன் பெயர் போட்ட பயாப்சி ரிப்போர்ட்டை எடுத்து அவள் மடியில் வைத்தான்.

"தாங்கிக்குவ இல்ல, சிஸ்டர்?"