டிரம்முக்கு ஒரு பொட்டலம்

ஒரு கோப்பைக்கு இருபத்தைந்து கொசுப்புழு. இரண்டு கோப்பையிலும் ஒரே அளவு மருந்து. விட்டது நேற்றுக் காலை.

முதல் கோப்பைப் புழுக்கள் உப்பளத்தை ஒட்டிய குடிசைகளிலிருந்து வந்தவை. அங்கே யாரும் மருந்தே போட்டதில்லை. இருபத்தைந்தும் செத்துக் கிடந்தன.

இரண்டாவது எங்கள் தெரு.

பரிசோதனைக்கார பக்ரி ஊசி முனையால் ஒன்றைத் தொட்டான். அது வெடுக்கென்று நெளிந்து அடிக்குப் போனது. அடுத்ததும் அப்படித்தான். பாழாய்ப்போனவை, மருந்திலேயே நீச்சல் அடிக்கின்றன!

"மூணுதான் செத்திருக்கு, சிஹாம் அக்கா."

நானும் குனிந்து ஒருமுறை எண்ணிப் பார்த்தேன். மூன்றுதான்.

போர்ட் சூடானில் குழாயை நம்பி யாரும் இல்லை. கழுதை வண்டியில் வாங்கி டிரம்மில் நிரப்பிய தண்ணீரை, புழு இருக்கிறது கொட்டு என்றால் எவள் கொட்டுவாள்? அதனால் மருந்து. மூன்று வருஷமாக எங்கள் தெருவில் வீடு வீடாகப் போய்ப் போடுகிறவள் நான்தான்.

எதிர்வீட்டு பத்தூலின் மகள் தஸ்னீம் டெங்குக் காய்ச்சலில் ஐந்து நாளாக ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். இன்று காலை ஈறில் ரத்தம் கசிந்ததாம். இங்கே வரும் வழியில் பத்தூல் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"ஒரு மாசம்கூட எங்க வீட்ட நீ விட்டதில்லையேடி! அப்புறம் எங்கேர்ந்து வந்துச்சு இந்தக் கொசு?"

பக்ரி கணக்கை எழுதியபடியே கேட்டான்.

"டிரம்முக்கு ஒரு பொட்டலம், முழுசாத்தானே போட்டீங்க? கொறச்சுப் போட்டா வலுவானது தப்பிச்சிரும். அதுங்க பெத்ததுக்கு இந்த மருந்து வெறும் பச்சத் தண்ணி."

"முழுசாத்தான்" என்றேன்.

"இனிமே என்னத்தப் போட்டாலும் வீண்க்கா. வேற மருந்து கேட்டு எழுதிருக்கோம். எப்ப வருமோ, அல்லாவுக்குத்தான் தெரியும்."

மாதம் பத்துப் பொட்டலம் தருவார்கள். எங்கள் தெருவில் நாற்பது டிரம். ஒரே தட்டில் பத்துக் கை சாப்பிடுகிற ஊர் இது. ஒரு வீட்டுக்குப் போட்டுவிட்டு மூன்று வீட்டு வாசலை எந்த முகத்தோடு தாண்டிப்போவேன்? பொட்டலத்தை நாலாகப் பிரித்தேன்.

பிள்ளை இருக்கிற வீடாயிற்றே என்று, பத்தூல் வீட்டு டிரம்மில் மட்டும் ஒரு சிட்டிகை கூடப் போடுவேன்.