துணைக்கு வருபவர்

அப்பா, மெர்வின் பேசுறேன், பழங்காநத்தம் ரூம்ல இருந்து. இருபத்தேழு வயசாகியும் இத கையால எழுத வரல, அதான் ஃபோன்ல வாயால சொல்லியே டைப் பண்றேன்.

அம்மாவுக்கு மார்புல கேன்சர் வரக் காரணமா இருந்த மரபணுக் கோளாறு எனக்கும் இருக்குன்னு ரிசல்ட் வந்துருச்சு. ரூத்துக்கும் இருக்கலாம், ரத்தம் குடுத்துப் பாத்துரணும்னு டாக்டர் சொன்னாங்க. ஆஸ்பத்திரில தங்கச்சி ரூத் பேரப் பதியப் போனேன்.

"நேத்தே ஒரு அம்மா வந்து எழுதிக் குடுத்துட்டாங்களே தம்பி"ன்னு கவுண்டர்ல இருந்தவங்க ஃபாரத்தக் காட்டுனாங்க. ரத்தம் எடுக்குற நாள் வர்ற செவ்வாய்க்கிழமை, பத்து மணி. மேல சின்னதா ஒரு சிலுவை, அம்மா எதை எழுதுனாலும் முதல்ல போடுற மாதிரியே. எழுத்தும் அம்மாவோடதுதான். அம்மாவ அடக்கம் பண்ணி ரெண்டு வருஷமாச்சேப்பா.

துணைக்கு வருபவர்ங்கிற இடத்துல தங்கம்னு அம்மா பேரு இருக்கு.

செவ்வாய்க்கிழமை ரூத்தத் தனியா அனுப்பாதீங்க. நீங்களும் கூட வாங்க.