மூத்தவள் போட்ட கோடு

கோடு மறுபடியும் பிடிக்கவில்லை.

காலால் தேய்த்து அழித்தாள். சுண்ணாம்புப் பொடி பாதமெல்லாம் ஒட்டியது. கிண்ணத்தோடு ஓரடி பின்னால் நகர்ந்து, குனிந்து, புதிதாக இழுத்தாள்.

மூத்தவள் பிரிக்க வேண்டும். இளையவள் எடுக்க வேண்டும். அந்தக் குடும்பத்தில் பாகம் வைக்கிற முறை அதுதான். பிரிக்கிறவளே எடுக்கவும் செய்தால் நியாயம் எங்கே நிற்கும்?

அம்மா போனபின் வீடு அக்கா தங்கை இருவர் பேரிலும் கூட்டாகக் கிடந்தது. தங்கை செண்பகம் ஓசூரில் இருக்கிறாள். அவள் வீட்டுக்காரருக்குக் கூட்டு என்ற சொல்லே ஆகாது. பிரியுங்கள், பிரியுங்கள் என்று நச்சரித்தே இதுவரை கொண்டுவந்துவிட்டார். சாட்சிக்கு வந்த தாய்மாமா வாசலில் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தார்.

மூத்தவளுக்குப் பின்கட்டு வேண்டும்.

தண்ணீருக்குப் போட்ட போர் அங்கேதான் இருக்கிறது. கிரைண்டர்கள் அங்கேதான் ஓடுகின்றன. தெருவில் பாதி வீட்டு இட்லிக்கு மாவு அங்கிருந்துதான் போகிறது. புருஷன் விட்டுவிட்டுப் போனபின் அவளுக்குச் சோறு போட்டது அந்த ஈரத் தரைதான்.

வாய்விட்டுக் கேட்கலாம். கேட்டால் செண்பகத்தின் வீட்டுக்காரர் உடனே அதற்கு ஒரு விலை சொல்வார். அதோடு, எனக்கு இது வேண்டும் என்று கேட்கிற பழக்கம் அவளுக்குப் பிறந்ததிலிருந்தே கிடையாது.

அதனால் முன்கட்டைக் கொழுக்க வைத்தாள்.

தெருவாசல் அதற்கு. கூடம் அதற்கு. மாடிப்படி அதற்கு. போதாது போலிருந்தது. நடு அறையையும் தூக்கிக் கொடுத்தாள். இனி கண் தெரியாதவன்கூட முன்கட்டைத்தான் எடுப்பான்.

"போரையாவது பொதுவா வையேன்ம்மா" என்று மாமா காலையிலேயே சொல்லிப் பார்த்தார்.

"பொதுன்னு வச்சா நாளைக்குச் சண்டைதான் மாமா. எது எந்தப் பக்கம் இருக்கோ அது அந்தப் பக்கத்துக்கு. முன்கட்டுல குடியிருக்க முனிசிபாலிட்டித் தண்ணி போதும்."

கேட்கத் தெரியாத வாய், இதற்கு மட்டும் நன்றாகப் பேசியது.

ஆட்டோ சத்தம் கேட்கும்போதெல்லாம் வாசலுக்கு ஓடினாள். திரும்பி வந்து கோட்டைப் பார்த்தாள். முன்கட்டுக்கு இன்னும் ஒரு முழம் கொடுத்தாள். உட்கார முடியவில்லை. நிற்கவும் முடியவில்லை.

செண்பகம் வந்தாள்.

பையைக்கூட இறக்கி வைக்கவில்லை. கோட்டுக்கு இந்தப் பக்கம் பார்த்தாள். அந்தப் பக்கம் பார்த்தாள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"எக்கா, பெருசை எனக்கு ஒதுக்கிட்டு, பொடிசை நீ வச்சிக்கிடலாம்னு பாத்தியாக்கும்?"

அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நானும் அதே வயித்துல பொறந்தவதான. முன்கட்டு உனக்கு. நா பின்கட்டை எடுத்துக்கிடுதேன். அவரு யாருக்காவது குடோனுக்கு விட்டுக்கிடுவாரு. நீ தெருவைப் பாக்க வச்சு யாவாரம் பண்ணு, கூட்டம் அள்ளும்."

மாமா துண்டால் கண்ணைத் துடைத்தார். தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்று தன்பாட்டில் சொல்லிக்கொண்டார்.

அக்கா குனிந்து கோட்டைப் பார்த்தாள்.

சொல்லிவிட வேண்டும். இப்போதே. பெரிசு உனக்காக இல்லை, உன்னை அந்தப் பக்கம் தள்ளிவிடத்தான் என்று சொல்லிவிட வேண்டும். வாயையும் திறந்துவிட்டாள்.

"பஸ் ஏத்திவிடும்போதுகூட அவரு சொன்னாருக்கா, உங்க அக்கா தனக்குத் தோதாத்தான் கோடு போடுவா, போய்ப் பாருன்னு." செண்பகம் அழுகையோடு சிரித்தாள். "அந்த மனுசன் மூஞ்சில நல்லாக் கரியைப் பூசிட்ட!"

மாமா எழுந்து மூத்தவளிடம் வந்தார்.

"என்ன தாயி, சம்மதந்தான?"

செண்பகம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இத்தனை பெருமையாக அவளை இதுவரை யாரும் பார்த்ததில்லை.