விலை ஏன் ஏறுகிறது?

உலகப் பொருளாதார ஆராய்ச்சியின் போக்கையே மாற்றவல்ல மாபெரும் நியமனம் ஒன்று இன்று பிரிக்ஃபீல்ட்ஸில் நிகழ்ந்திருக்கிறது. பள்ளியில் பௌதிகம் நடத்தி, பொருள்கள் ஏன் கீழே விழுகின்றன என்று விளக்கிவந்த மாசிலாமணி, விலைகள் ஏன் மேலே ஏறுகின்றன என்று இனி ஊரைப் பிடித்து ஆளும் ஜப்பான்காரனுக்காக ஆராய்வார். அதற்கு அடையாளமாகக் கொடுத்த துணிப்பட்டையை மனைவி கோமளம் சன்னல் வெயிலில் அவர் சட்டைக் கையில் தைக்கிறாள். போனவர் திரும்பாத சயாம் ரயில் பாதை வேலைக்கு ஆள் பிடிக்கிறவர்கள் இந்தப் பட்டையைக் கண்டால் விலகிப் போவார்கள். வீட்டை ஒட்டிய தண்டவாளத்தில் ரயில் பெட்டிகள் மோதும் சத்தத்துக்கு மாசிலாமணி இன்று திடுக்கிடவில்லை.

“பாசார்ல அரிசி விலை ஏன் ஏறுதுன்னு கண்டுபிடிக்கணுமாம்” என்கிறார்.

“அரிசி இல்ல, அதனால ஏறுது. இதுக்கு ஆராய்ச்சி வேறயா?”

“மெதுவாப் பேசு, கோமளம். விடை தெரிஞ்சுபோச்சுன்னா என்னைச் சயாமுக்கு அனுப்பிடுவான்.”

அவள் சிரித்துக்கொண்டே நூலைப் பல்லால் கடித்து அறுக்கிறாள். அடுப்பில் மரவள்ளிக்கிழங்கு வேகிறது.