பாதுகாவலர் என்ற கட்டம்

பேருந்தில் நிற்பவர்கள், உட்கார்ந்திருப்பவர் மடியில் பையை வைப்பார்கள், பிள்ளையையும் வைப்பார்கள். யாரும் யோசிப்பதில்லை. நானும் யோசிக்கவில்லை. "அக்கா, கொஞ்சம் வச்சுக்குங்க" என்று கூட்டத்துக்குள்ளிருந்து நீண்ட ஒரு கை, குழந்தையை என் மடியில் இறக்கியது. முகம் தெரியவில்லை. பச்சை வளையல்களும் அவற்றில் கோத்திருந்த ஊக்கும்தான் தெரிந்தன. குழந்தை என் கட்டைவிரலைப் பிடித்தபடி தூங்கிப்போனது.

கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கிவிட்டார்கள். குழந்தையைக் கேட்டு யாரும் வரவில்லை.

"உங்க கொழந்தையாம்மா?" என்றார் நடத்துனர்.

இல்லை என்றேன்.

"அப்ப யாரு பொறுப்பு?"

பள்ளிக்கூட அலுவலகத்தில் எனக்கு வேலை. சேர்க்கைப் படிவத்தில் 'பாதுகாவலர்' என்ற கட்டத்தைக் காலியாக விடாதீர்கள் என்று பதினோரு வருடமாகச் சொல்லிவருகிறேன். அர்த்தம் கேட்டால், அம்மா அப்பா பக்கத்தில் இல்லாதபோது பிள்ளைக்குப் பதில் சொல்கிற ஆள் என்பேன்.

காவல் நிலையத்துக்குப் போகலாமென்று இறங்கியபோது ஒருத்தி மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"கூட்டத்துல வழி விட எறங்கினேன்க்கா, பஸ்ஸ எடுத்துட்டாங்க. ஆட்டோ புடிச்சு வரேன். குடுங்க."

நீட்டிய கையில் பச்சை வளையல்கள் இருந்தன. ஊக்கு இல்லை. குழந்தை விழித்து அவளைப் பார்த்தது. சிரிக்கவில்லை, அழவுமில்லை.

"பேரு என்ன?" என்றேன்.

"இன்னும் வைக்கல."

"எத்தனை மாசம்?"

அவள் முகம் மாறியது. "நீங்க யாருக்கா, இதெல்லாம் கேக்குறதுக்கு?"

நடத்துனரும் என் பதிலுக்காக நின்றார். குழந்தை இன்னும் என் கட்டைவிரலை விடவில்லை.