டப்பாவின் மேல் பெயர்

எங்கள் செம்பூர்க் கம்பெனியின் எலி மருந்துக்கு 'மோகினி' என்று பெயர் வைக்க முதலாளி ஆசைப்பட்டார். நான்தான் தயங்கித் தயங்கிப் பேசி, டப்பாவில் பெரிய எழுத்தில் 'எலி விஷம்' என்று போட வைத்தேன். படித்ததும் பயம் வர வேண்டும்.

அங்கே டப்பா அடைக்கும் ஏஞ்சலம்மாள் என்னைத் தாராவியில் உள்ள தன் வீட்டுக்கு அழைத்திருந்தாள். அவள் கணவர் என்னிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு, தன் சீனியில்லாத காபியை எடுத்துக்கொள்ள அடுக்களைக்குள் போனார்.

ஏஞ்சலம்மாள் அலமாரியிலிருந்து எங்கள் 'எலி விஷம்' டப்பாவை எடுத்துத் திறந்து, ஒரு ஸ்பூன் வெள்ளைத் தூளை என் காபியில் போட்டாள்.

நான் டம்ளரைத் தள்ளி வைத்தேன். "அக்கா, அது விஷம்!"

"சீனிதாம்மா, பயப்படாதிய. இவருக்குச் சீனி வியாதி. எங்க வச்சாலும் திருடித் திங்காரு. நீங்க வச்ச பேருக்குத்தான் பயந்து, இந்த டப்பாவ மட்டும் தொடமாட்டாரு."

எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது.

"இதுல இருந்த விஷத்தைக் கொட்டிட்டேளா?"

"நல்ல மருந்த யாராவது கொட்டுவாகளா? காலியாக் கெடந்த சீனி டப்பால போட்டு வச்சிருக்கேன்."

அடுக்களையில், சீனியில்லாத காபியை ஸ்பூனால் கலக்கும் சத்தம் கேட்டது.