மூன்றாம் வரி

எல்லாம் அறிந்திருந்தும் ஏதும் அறியாதவன்போல் நின்று, நம்மைப் பேசவைத்துக் கேட்டு மகிழும் பெருங்கருணையை வணங்கித் தொடங்குகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மாலை. பள்ளியின் ஒன்பதாம் வகுப்பு அறையில் இரங்கல் கூட்டம். முப்பது ஆண்டுகள் கணக்குப் பாடம் நடத்திய ஆசிரியை மறைந்து இருபது நாள் ஆகியிருந்தது. மேசைமேல் அவருடைய படம். அதனருகே, பள்ளிக்குக் கொடுத்துவிடலாம் என்று மகள் கொண்டுவந்து அடுக்கியிருந்த பாடக்குறிப்பு நோட்டுகள்.

அவருடைய பழைய மாணவரான லிஃப்ட் பரிசோதகர் உள்ளே நுழைந்ததும் பேச்சு நின்றது.

"வாப்பா பூதக்கண்ணாடி," என்றார் மருந்துக்கடைக்காரர். கூட்டத்துக்கு ஏற்பாடு செய்தவர் அவர்தாம். "போன வாரம் பன்னிரண்டு மாடிக் கட்டடத்து லிஃப்டையே நிறுத்திட்டியாமே. முதலாளி மிரட்டியும் கையெழுத்துப் போடலையாம். இங்கே திருத்தறதுக்கு ஒண்ணும் இல்லை. டீச்சர் போயாச்சு."

"நானும் ரெண்டு வார்த்தை பேசணும்டா."

"நீ பேசினது போதாதா?"

மகளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "என்னண்ணா விஷயம்?"

"இவன் எங்க வகுப்புக்குப் புதுசா வந்தப்போ ரெண்டு மாசம் வாயே திறக்கலைம்மா. ஊமைக்கோட்டான்னு பேர் வெச்சோம். ஒரு நாள் டீச்சர் போர்டுல போட்ட கணக்குல தப்புக் கண்டுபிடிச்சான். அன்னைக்குத் திறந்த வாய், மூடவே இல்லை. ஜன்னலோரத்துல கொக்கு மாதிரி உட்கார்ந்திருப்பான். தினம் ஒரு தப்பு."

"தினமுமா?"

"தினமும். அதோட விட்டானா? பள்ளிக்கூட ஆய்வாளர் வந்து பின்வரிசையில உட்கார்ந்திருக்கார். தலைமையாசிரியை பதவிக்கு டீச்சர் பேர் போயிருந்த நேரம். இவன் எழுந்து, மூணாவது வரி தப்பு டீச்சர்ங்கறான். பதவி வேற ஒருத்தருக்குப் போயிடுச்சு. எனக்கும்தான் அந்தத் தப்பு தெரிஞ்சுது. நான் எழுந்தேனா?"

பரிசோதகர் மறுக்கவில்லை. பேசுவதற்கு எழுதிக் கொண்டுவந்த காகிதத்தை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"அவன் சொல்றது நிஜம்மா. அன்னைக்கு ஏன் எழுந்தேன்னு எனக்கே தெரியலை. பயமாத்தான் இருந்துது. ஆனா எழுந்துட்டேன். இருபத்தஞ்சு வருஷமா உங்க தெருமுனை வரைக்கும் வருவேன், திரும்பிப் போயிடுவேன். மன்னிப்புக் கேட்க இன்னைக்குத்தான் துணிச்சல் வந்துது. கேட்கறதுக்கு அவங்க இல்லை."

யாரும் அவரைப் பார்க்கவில்லை. மகள் மட்டும் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"எனக்கு ஒண்ணு பிடிபடலைண்ணா. அம்மா கணக்குல தப்பு விட்டு நான் பார்த்ததே இல்லை. ஆஸ்பத்திரியில கடைசி வாரம்கூட, குளுக்கோஸ் நிமிஷத்துக்கு எத்தனை சொட்டு இறங்கணும்னு நர்ஸுக்கு மனக்கணக்காச் சொன்னாங்க."

"வகுப்புல நின்னா பதட்டம் வந்துடும்மா," என்றார் பல் மருத்துவர். அவரும் அதே வகுப்பில் படித்தவர்தாம்.

"பதட்டமா?" பரிசோதகர் நிமிர்ந்தார். "நான் சொன்னதும் அழிச்சுட்டு, 'சரி, உட்காரு'ன்னு அடுத்த வரிக்குப் போயிடுவாங்க. முகம்கூட மாறாது."

"அப்ப கண்ணுல ஏதாவது கோளாறு இருந்திருக்கும்."

"கடைசி பெஞ்சுல நீ ஒளிச்சு வெச்சுத் தின்ன மிட்டாய் தெரிஞ்சுது, கரும்பலகை தெரியலையாக்கும்," என்றார் மருந்துக்கடைக்காரர். சொன்ன பிறகு அவருக்கே குழப்பம் வந்துவிட்டது.

பல் மருத்துவர் தாடையைத் தடவினார். "என் தங்கச்சி அதே வருஷம் பக்கத்து வகுப்பு. அவளுக்கும் இவங்கதான் கணக்கு. ஒரு தப்புகூட விட்டதில்லைன்னு அவ சத்தியம் பண்ணுவா. நான்தான் அவளை நம்பலை."

ஒரே ஆசிரியை, ஒரு வகுப்பில் தினமும் தடுமாறியவர், பக்கத்து வகுப்பில் தடுமாறவே இல்லை.

"மூணாவது வரின்னா சொன்னீங்க?" மகள் நோட்டுகளைக் கலைத்து, அந்த ஆண்டின் நோட்டைத் தேடி எடுத்தாள். "மறுநாள் நடத்தப்போற பாடத்தை அம்மா முந்தின நாளே எழுதி வெச்சிடுவாங்க. இந்த ஒரு நோட்டுல மட்டும் ஓரத்துல பென்சில்ல ஏதோ இருக்கு. எனக்கு அர்த்தம் தெரியலை."

பக்கங்களில் கணக்குகள் மையில் இருந்தன, ஒன்றுகூடப் பிசகவில்லை. ஓரத்துப் பென்சில் எழுத்தை அவள் வாய்விட்டுப் படித்தாள்.

"இரண்டாம் வரி. ஐந்துக்குப் பதில் ஆறு. ஜன்னலோரம்."

அடுத்த பக்கம். "கடைசி வரி. அடைப்புக்குறி விடுபடட்டும். ஜன்னலோரம். இன்று சத்தமாகவே சொன்னான்."

பரிசோதகர் ஜன்னலோரத்துப் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார்.

மகள் இன்னும் சில பக்கங்கள் தள்ளினாள். ஓரிடத்தில் நின்றாள். நோட்டை மருந்துக்கடைக்காரரிடம் நீட்டினாள். அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மெல்லப் படித்தார்.

"நாளை ஆய்வாளர் வருகிறார். நாளை ஒருநாள் மட்டும் எல்லாவற்றையும் சரியாகவே எழுதிவிடலாமா என்று மனம் கெஞ்சுகிறது. ஆனால் பெரியவர்கள் முன்னால் ஒரு தடவை எழுந்துவிட்டால், பிறகு அவன் யார் முன்னாலும் எழுவான். மூன்றாம் வரி. கழித்தலுக்குப் பதில் கூட்டல். ஜன்னலோரம்."

தெரிந்தும் தெரியாதவராய் நின்று பிறரை எழுப்பிவிட்டோரின் கருணை, இதைக் கேட்ட செவிகளுக்கும் அவர்தம் மக்களுக்கும் என்றும் துணை நிற்பதாக.